லா பாஸில் மூன்றாம் நாள்

விமானம் இறங்கிய எல் ஆல்டோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே. பொலிவியாவின் லா பாஸ் அதற்குக் கீழே, பெரும் பள்ளம் ஒன்றில், சுமார் 3,600 மீட்டரில். 'கீழே' என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். விடுதியின் இருபது படிகளை ஏற நான்கு முறை நின்றேன். வண்ணத்துணி மூட்டையை முதுகில் கட்டிய ஒரு பாட்டி விறுவிறுவென என்னைக் கடந்துபோனார்.

இரவில் கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் மூச்சுமுட்டி விழிப்பு. காற்றில் ஆக்சிஜன் இங்கும் அதே 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

நேற்று முழுக்கக் கோகா இலைத் தேநீர் (வைக்கோல் ஊறிய வெந்நீர் போல இருக்கிறது). தலைவலி போனது அதனாலா, படுத்தே கிடந்ததாலா, தெரியவில்லை.

இன்று கேபிள் கார் ஏறினேன். நடக்கவே வேண்டாம், இல்லிமானி மலையின் பனி தானாக எதிரே வந்து நின்றது. திரும்பி வந்து படிகளில் இரண்டே முறை நின்றேன்.