ஐயாவின் சண்டைகள்

'சுவற்றில்' என்று யாராவது எழுதிவிட்டால் போதும், ஐயா கிளம்பிவிடுவார். வயிறு வயிற்றில் ஆகும், சுவர் எப்படிய்யா சுவற்றில் ஆகும், சுவரில்தானே என்று ஆரம்பித்து நன்னூலுக்குப் போய், அங்கிருந்து தொல்காப்பியத்துக்கு ஏறி, இறங்குவதற்குள் ஒருத்தராவது கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார். 'முயற்சிக்கிறேன்' என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதில் நானும் இரண்டு மாதம் பேசவில்லை. (முயற்சி பெயர்ச்சொல்லாம், 'முயல்கிறேன்' என்பதே சரியாம். சரிதான்.) 'நாள்கள்'தான் சரி என்பார்; 'நாட்கள்' மட்டும் நான் விடவில்லை. ஊரே எழுதுகிறதே ஐயா, வழக்குதானே என்றேன். "அப்ப நாள்பட்ட கள்ளையே குடிச்சிட்டு எழுதுங்க" என்றார்.

நேற்று அவர் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். 'ஆழ்ந்த இறங்கல்' என்று வல்லின றகரம் போட்டிருந்தார்கள். பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் உள்ளே போனேன்.