உக்காஷா: ஒரு பெயரைத் தேடிய ஆறு நாட்கள்

மகன் பிறந்த அன்று மாலையே என் மாமனார் ஒரு பெயரைச் சொன்னார்: உக்காஷா. முஹம்மது நபியவர்களுடன் பத்ருப் போரில் கலந்துகொண்ட தோழர் ஒருவரின் பெயர். கேட்டவுடனே மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஏழாம் நாள் பெயர் சூட்டுவதாக முடிவு செய்திருந்தோம். அதற்குள் பொருளைத் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

இணையத்தில் கிடைத்த பெயர்ப் பட்டியல்கள் ஆளுக்கொரு பொருள் சொல்லின. எங்கிருந்து அந்தப் பொருள் வந்தது என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் போனேன். அரபுப் பெயர் என்றால் முதலில் மூல எழுத்துகளைப் பாருங்கள் என்றார். இதற்கு ஐன், காஃப், ஷீன். முடியோ செடிகொடியோ ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக்கொள்வதைக் குறிக்கும் வேர். அதிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்குப் பழைய அரபு அகராதிகள் தரும் பொருள் சிலந்தி.

வீட்டில் சொன்னதும் பேச்சே இல்லை. வீடுகளிலேயே மிகவும் பலவீனமானது சிலந்தியின் வீடு என்ற, திருக்குர்ஆனின் 29-ஆம் அத்தியாயத்தின் வசனம் என் மனைவிக்கு நினைவு வந்துவிட்டது. பெரியம்மா, "சகுனம் சரியில்லை, வேறு பெயர் பாருங்கள்" என்றார்.

மறுபடியும் ஆலிமிடம் ஓடினேன். அரபுகள் விலங்குகளின் பெயரைத் தாராளமாக வைத்தவர்கள் என்றார். உஸாமா என்றாலும் ஹைதர் என்றாலும் சிங்கம். நபியவர்களின் மனைவி அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் தந்தை பெயரான ஜஹ்ஷுக்குக் கழுதைக்குட்டி என்று பொருள். நபி (ஸல்) அவர்கள் தீய பொருள் கொண்ட பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். 'மாறு செய்பவள்' என்ற பெயரோடு இருந்த ஒரு பெண்ணுக்கு ஜமீலா என்று பெயரிட்டார்கள். உக்காஷாவின் பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உக்காஷா இடம்பெறும் ஹதீஸை, அதாவது நபிமொழியை, முழுமையாகப் படித்தேன். மறுமையில் விசாரணையின்றி சுவர்க்கம் செல்லும் 70,000 பேரைப் பற்றி நபியவர்கள் சொல்ல, உக்காஷா எழுந்து, அவர்களில் நானும் ஒருவனாக இருக்கப் பிரார்த்தியுங்கள் என்று கேட்கிறார். கிடைக்கிறது. இன்னொருவர் எழுந்து கேட்டபோது வந்த பதில்: "உக்காஷா உம்மை முந்திவிட்டார்." அரபியில் இன்றும் வழங்கும் தொடர் அது. என்னை உலுக்கியது வேறொரு வரி. அந்த 70,000 பேர் யார்? அவர்களுடைய பண்புகளில் ஒன்று, சகுனம் பார்க்காதிருப்பது! அந்த வரியைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். அப்புறம் அவரே குழந்தையை அந்தப் பெயரால் கூப்பிட்டார்.

உக்காஷா என்றதும் பலர் ஆர்வத்தோடு சொன்ன கதை, நபியவர்களிடம் பழிக்குப் பழி கேட்டு நின்று, பின் அவர்களின் வயிற்றை முத்தமிட்டார் என்பது. கேட்டால் கண் கலங்கும். ஆனால் ஹதீஸ் அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ அதை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளில் சேர்த்திருக்கிறார். என் மகனிடம் அதை நான் சொல்லப்போவதில்லை. உறுதியான செய்திகளே போதிய அழகோடு இருக்கின்றன. உக்காஷாவின் சகோதரி உம்மு கைஸ் (ரலி) தம் பால்குடி மகனை நபியவர்களிடம் கொண்டுவருகிறார். குழந்தை அவர்கள் மடியிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. அவர்கள் தண்ணீர் வரவழைத்துத் தெளித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஐந்து நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படித்தேன்.

எழுத்துக்கூட்டல்தான் கடைசி வேலை. உகாஷா, உக்காஷா இரண்டும் அறிஞர்கள் ஏற்ற வடிவங்களே. ககரம் இரட்டித்ததே பரவலானது என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம். பிறப்புப் பதிவில், ஆயிஷாவைப் போல் ஒலித்ததாலோ என்னவோ, பெண் குழந்தை என்று குறித்துவிட்டார்கள். ஹம்ஸா, தல்ஹா, உஸாமா எல்லாம் ஆகாரத்தில் முடியும் ஆண் பெயர்கள்தானே என்று விளக்கித் திருத்தி வாங்கினேன். அபூர்வமான பெயர் வைப்பவர்கள் சான்றிதழை அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

ஏழாம் நாள் காலை மாமனார்தான் குழந்தையைக் கையில் வாங்கிப் பெயரைச் சொன்னார்.