ஸ்ப்ளெண்டரில் 54 மி.மீ. போர்: ஹெட் மறுபடியும் மேசை மேல்

என்ஜினில் பெரிய பிஸ்டன் ஏற்றப் போய், இரண்டாவது முறையாக ஹெட்டை (என்ஜினின் மேல்மூடி) கழற்றியாயிற்று. முதல் தடவை என் மறதி, டவல் பின்னில் (ஹெட்டை இடம் மாறாமல் நிறுத்தும் சிறு குழல்) போட வேண்டிய ஓ-ரிங்கைப் போடாமல் மூடி ஆயில் கசிந்தது, அதை விடுங்கள். இந்தத் தடவைதான் வயிற்றெரிச்சல்.

வண்டி பழைய ஸ்ப்ளெண்டர், 97.2 சிசி, 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 49.5 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). 54 பிஸ்டன் ஏறினால் 113.4 சிசி. ஆர்சியில் இருப்பதை மாற்றிவிட்டு ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு விடாது, அதனால் இது பொள்ளாச்சிப் பக்கம் மாமாவின் தென்னந்தோப்புக்குள் மட்டும் சுற்றுகிற வண்டி.

எல்லாரும் பயமுறுத்தியது கிராங்க் கேஸ் (சிலிண்டர் உட்காரும் அடிப்பெட்டி) வாயைப் பெரிதாக்குவதைப் பற்றி. அது கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஒரே நாளில் முடிந்துவிட்டது. இரண்டு பாதியையும் போல்ட் போட்டு ஒன்றாகப் பிடித்துக் கடைய வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார், அப்போதே நிம்மதி. என்னைப் படுத்தியது கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ரிங் கேப், அதாவது பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளி.

பெரிய பிளாக்கும் (சிலிண்டர்) பிஸ்டனும் சேர்ந்த கிட்டோடு வந்த ரிங், புதுசுதானே என்று அப்படியே மாட்டினேன். முதல் கிக்கிலேயே ஸ்டார்ட். வீடியோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிய பெருமையெல்லாம் நான்காவது சுற்று வரைக்கும்தான். திடீரென்று இழுவை போனது, என்ஜின் நின்றது, கிக்கர் கல்லு மாதிரி. பத்து நிமிடம் ஆறவிட்டதும் இறங்கியது. பிரித்தால் பிளாக் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். லேத்காரரிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பில்லர் கேஜ் விட்டுப் பாத்தீங்களா தம்பி?"

பார்க்கவில்லை. (பில்லர் கேஜ் என்பது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு.) அன்று இரவே பார்த்தேன். ரிங்கை மட்டும் பிளாக்குக்குள் விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்து அதன் தலையால் ஓர் அங்குலம் தள்ளினேன் (விரலால் தள்ளினால் ரிங் சாய்ந்து நின்று அளவு பொய்யாகும்). 0.05 தகடே முக்கிக்கொண்டு நுழைந்தது, 0.10 நுழையவே இல்லை. இந்தப் போருக்கு 0.20-க்குக் குறையக் கூடாது. ரிங்கின் சுற்றளவு ஏறக்குறைய 170 மி.மீ.; வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு லட்சத்தில் 1.1 பங்கு விரியும். பிளாக்கைவிட ரிங் 100 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 0.19 மி.மீ. நீளும். அதற்கு 0.05-ல் இடம் எங்கே? முனையும் முனையும் முட்டி, போக வழியில்லாமல் சுவரைச் சுரண்டியிருக்கிறது. போதாததற்கு ஹெட் பழையதே என்பதால் கம்ப்ரஷனும் (கலவையை நெருக்கும் விகிதம்) ஏறுகிறது. முன்பு 9 என்று வைத்துக்கொண்டால் இப்போது 10.3 பக்கம், அந்தச் சூடு வேறு.

கீறல் ஆழமில்லை, ஹோனிங்கில் (சுவரைக் கல்லால் தேய்ப்பது) போய்விட்டது. அப்புறம் ராவுவதுதான் வேலை. மெல்லிய வைர அரத்தை வைஸில் செங்குத்தாகப் பிடித்து, ரிங்கின் ஒரு முனையை மட்டும் அதில் தேய்க்க வேண்டும், எப்போதும் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக. திருப்பித் தேய்த்தால் மேல் ரிங்கின் குரோம் விளிம்பு பெயர்ந்துவிடும். எட்டு இழுப்பு, துடை, பிளாக்குக்குள் விடு, தள்ளு, தகடு விடு, வெளியே எடு, மறுபடி எட்டு இழுப்பு. இரண்டு மணி நேரம் ஆனது, மேல் ரிங் 0.22-ல் அழகாக உட்கார்ந்தது. கடைசியில் முனையில் உப்புத்தாளால் ஒரு தடவு தடவினேன், பிசிர் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சுத்தமான வேலை நான் இதுவரை செய்ததில்லை என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

இரண்டாவது ரிங்கையும் அதே மாதிரி ராவி முடித்து, பிஸ்டனில் மாட்டக் கட்டைவிரலால் கொஞ்சம் கூடுதலாக விரித்தேன். டிக். அவ்வளவுதான், அப்பளம் மாதிரி இரண்டு துண்டு.

கிட் விற்றவரிடம் கேட்டால் ரிங் தனியாக வராதாம், முழு செட்டாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். ஒரு ரிங்குக்காக இன்னொரு பிளாக்கா? 52.4 போரே எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, 106.7 சிசிதான் வரும், ஆனால் பழைய ஹோண்டா ஷைன் 125-இன் போரும் 52.4, ரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும். 54 என்றால் பஜாஜ் டிஸ்கவர் 135 நினைவுக்கு வருகிறது, அதன் போரும் 54. விட்டம் ஒன்றானால் போதாது, ரிங்கின் தடிமன் பிஸ்டன் காடிக்குப் பொருந்த வேண்டும். திங்கட்கிழமை ஒரு செட் வாங்கி வெர்னியரில் வைத்துப் பார்க்கிறேன். சரிவரவில்லை என்றால் அடுத்த மாதம் சென்னை போகும்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சுற்று சுற்ற வேண்டியதுதான்.

இதற்கு நடுவில் பெரிய கார்புரேட்டர் ஒன்றுக்கு வேறு விலை கேட்டு வைத்திருக்கிறேன். பிளக் வெளுத்துத்தான் இருந்தது, அதாவது பெட்ரோல் போதவில்லை, மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) எப்படியும் ஏற்ற வேண்டும். கிராங்க் கேஸ் வாயில் பழைய பனியனை அடைத்து மேலே பிளாஸ்டிக் கவரைக் கட்டியிருக்கிறேன். ராவிய மேல் ரிங் மட்டும் ஆயில் தடவி, டிபன் பாக்ஸுக்குள் பத்திரமாக இருக்கிறது. யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்தாயிற்று.