“இப்ப இருக்கு, மேடம்”

“கண் இப்ப நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டேன்.

“இப்ப இருக்கு, மேடம்” என்றார் பி.ஜி., மேற்படிப்புப் பயிற்சியில் இருந்த டாக்டர்.

இரவு ஒன்பதரை மணிக்கு வார்டு வராந்தாவில் நடந்த பேச்சின் கடைசி இரண்டு வரிகள் இவை. அதற்கு முன் அவர் கேட்டது: “ராத்திரியே ஆஸ்டியத்தை மட்டும் திறந்து விட்டுடலாமா?” ஆஸ்டியம் என்பது சைனஸ் அறையின் இயற்கையான வாசல். நான் சொன்னது: “ஆன்டிபயாடிக் ஓடட்டும். காலையில எம்.ஆர்.ஐ. பாத்துட்டு முடிவு பண்ணலாம்.” அவர் பதிலில் இருந்த ‘இப்ப’ என் காதில் விழவில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது. எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நோயாளிக்கு வயது 52, பெண், பத்து வருடமாகச் சர்க்கரை. பன்னிரண்டு நாளாகத் தலைவலி, உச்சந்தலையிலும் இடது கண்ணுக்குப் பின்னாலும். குனிந்தால் கூடுகிறது, படுத்தால் கூடுகிறது, ராத்திரியில் தூங்கவிடாமல் எழுப்புகிறது. மூக்கடைப்பு இல்லை, சளி இல்லை, கன்னத்தைத் தட்டினால் வலி இல்லை. ஸ்பீனாய்டு சைனஸில் சீழ் பிடித்தால் பலருக்கு இப்படித்தான் இருக்கும். மண்டையோட்டின் நடுமையத்தில், பிட்யூட்டரி சுரப்பிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் அறை அது. அதன் வாசல் மூக்கின் பின்பக்கம் திறப்பதால் வடிவதெல்லாம் தொண்டைக்குள் போய்விடும். நோயாளி விழுங்கிவிடுவார், கைக்குட்டைக்கு ஒன்றும் வராது. அதனால் இந்தத் தலைவலி முதலில் மைக்ரேன் ஆகிறது, அப்புறம் கண்ணாடி பவர் ஆகிறது, அப்புறம் ‘டென்ஷன்’ ஆகிறது. இவரும் அந்த மூன்று வாசலையும் மிதித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

கையில் ஒரு மூளை சி.டி. இருந்தது, நான்கு நாள் பழையது. முடிவுரையில் ‘மூளை இயல்பு’. அதற்கு மேலே, உள்ளடக்கத்தின் கடைசி வரியில், ‘இடது ஸ்பீனாய்டு சைனஸ் அடைபட்டுள்ளது’. இந்த வரியை யாரும் படிக்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மூளைக்காக எடுத்த ஸ்கேனை மூளைக்காகத்தான் பார்ப்பார்கள், ஸ்பீனாய்டோ கடைசிச் சில ஸ்லைஸ்களில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சைனஸுக்கு வழக்கமாக எடுக்கும் எக்ஸ்ரேயும் உதவாது. வாயைத் திறந்து வைத்து எடுத்தால்தான் அதில் ஸ்பீனாய்டு கொஞ்சமாவது தெரியும், அப்போதும் நம்ப முடியாது. வேண்டியது 1 மில்லிமீட்டர் ஸ்லைஸ் சைனஸ் சி.டி., மூன்று தளங்களிலும்.

அதை அன்று மாலையே எடுத்தோம். இடது பக்கம் முழுக்க அடைப்பு. பூஞ்சைக் கட்டியில் தெரியும் வெள்ளைத் திட்டுகள் இல்லை. ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை ஒட்டிய பக்கச்சுவரில் எலும்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி மெலிந்திருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே அங்கே எலும்பு கிடையாது, தமனிக்கும் சைனஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு மட்டும்தான். இவருக்கு அது பிறவியா, நோய் அரித்ததா என்று சி.டி. சொல்லாது.

என்னைத் தடுத்தது இதுதான். அடைபட்ட ஸ்பீனாய்டு எல்லாமே சீழ் அல்ல. சளி தேங்கி வீங்கிய மியூகோசீலாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம், மேலிருந்து இறங்கிய மூளைச் சவ்வாக இருக்கலாம், அபூர்வமாகக் கரோட்டிடின் சுவர் பலவீனமாகிப் புடைத்த அனியூரிசமாகவும் இருக்கலாம். எலும்பு அரித்திருக்கும் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. பார்க்காமல் கருவியை உள்ளே விடக் கூடாது என்று வகுப்பில் கத்திக் கத்திச் சொல்பவள் நான். எங்கள் எம்.ஆர்.ஐ. இரவு எட்டு மணிக்கு மூடிவிடும். சர்க்கரை 384. கீட்டோன் இல்லை. மயக்க மருத்துவர் ஒருவர்தான், அவருக்கு முன்னால் இரண்டு சிசேரியன் காத்திருந்தன.

காரணங்கள் எல்லாம் உண்மை. இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருப்பதுதான் உறுத்துகிறது.

இன்னொன்றும் இருந்தது. அட்மிஷனில் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தபோது ஸ்பீனாய்டின் வாசல் திறக்கும் ஸ்பீனோ-எத்மாய்டு பள்ளம் வீங்கி மூடியிருந்தது. வீக்கத்தைச் சுருக்கும் ஆக்சிமெட்டசோலின் நனைத்த பஞ்சுத் திரியை, மூக்கின் பக்கச்சுவரிலிருந்து மடிப்பாக நீட்டியிருக்கும் மேல் டர்பினேட்டுக்கும் நடுச்சுவருக்கும் இடையில் வைத்து, பத்து நிமிடம் கழித்து எடுத்தோம். ஒரு துளி சீழ் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூக்கு முனையில் எங்கும் படாமல் மெல்லிய கம்பி ஸ்வாபில் அதை எடுத்து, முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினோம். மூக்கு முனையில் பட்டால் அங்கே சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ்தான் வளரும், சைனஸில் இருப்பது தெரியாது. அந்த வேலையைச் சரியாகச் செய்தோம். ஆனால் அந்த ஒரு துளியைப் பார்த்ததும் ‘வாசல் திறந்துவிட்டது, வடிகிறது, காத்திருக்கலாம்’ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதே துளியைப் பார்த்துப் பி.ஜி.க்குத் தோன்றியது வேறு: உள்ளே இருப்பது சீழ்தான், சந்தேகம் தீர்ந்தது, இனி எதற்குக் காத்திருக்க வேண்டும்? இன்று அவர் கணக்கு எனக்குச் சரியாகப் படுகிறது. அனியூரிசத்திலிருந்து சீழ் வடியாது. ஆனாலும் அரித்த எலும்புக்கு அந்தத் துளி பதில் சொல்லவில்லையே என்று உடனே தோன்றுகிறது. இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, வான்கோமைசின் எடைக்கேற்ப, இன்சுலின், மூக்குச் சொட்டு மருந்து, தலைப்பக்கம் உயர்த்தி வைப்பது. ஸ்டீராய்டு வேண்டாம் என்று தனியாகக் கோடிட்டு எழுதினேன். 2021 மே மாதம் கறுப்புப் பூஞ்சை தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோயான பிறகு, சர்க்கரை நோயாளியின் சைனஸ் என்றால் அந்தக் கோட்டைப் போடாமல் கை நகர்வதில்லை. கண் நரம்பு அழற்சி என்று நினைத்து மீதைல்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ஒரு கிராம் வீதம் மூன்று நாள் ஏற்றி, உள்ளே பூஞ்சை இருந்துவிட்டால் அந்த நோயாளியை மீட்பது பெரும்பாடு.

எல்லாம் எழுதிய பிறகு கடைசியாக மூன்று ஆங்கிலச் சொற்கள்: ‘வாட்ச் ஃபார் விஷன்’, பார்வையைக் கவனிக்கவும்.

இரவுத் தாளில் பன்னிரண்டு மணிக்கு எழுதியிருந்தது: ‘நோயாளி உறங்குகிறார். வைட்டல்ஸ் ஸ்டேபிள்.’ இரண்டு மணிக்கும் அதே. நான்கு மணிக்கும் அதே. ஐந்து நாற்பதுக்கு அந்தம்மா எழுந்து உட்கார்ந்து, சுவரில் இருந்த ட்யூப் லைட் இரண்டாகத் தெரிகிறது என்றார்.

இடது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு. எதிர்பார்த்திருக்க வேண்டிய நரம்பும் அதுதான். கண்ணை அசைக்கும் மற்ற நரம்புகள், ஸ்பீனாய்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காவர்னஸ் சைனஸ் என்ற ரத்தக் குழியின் வெளிச்சுவருக்குள் பாதுகாப்பாக ஓடும்போது, ஆறாவது மட்டும் உள்ளே கரோட்டிடை ஒட்டிச் செல்கிறது, ஸ்பீனாய்டு சுவருக்கு வெகு அருகில். சீழின் அழுத்தமோ வீக்கமோ பக்கச்சுவரைத் தாண்டினால் முதலில் சுருள்வது பெரும்பாலும் அதுதான். பார்வை குறையாது, கண்மணி மாறாது, இமை இறங்காது. இரண்டு கண்ணையும் மூடித் தூங்குபவருக்கு இரட்டைப் பார்வை என்று ஒன்று கிடையவே கிடையாது.

அப்படியென்றால் நரம்பு செயலிழந்தது ஐந்து நாற்பதுக்கா, இரண்டு மணிக்கா? பதினொன்றுக்கே கூட இருக்கலாம். செவிலியர்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ‘விஷன்’ என்றுதான் எழுதினேன். கண் அசைவு என்று எழுதவில்லை. எழுப்பிப் பார்க்கவும் என்று எழுதவில்லை. நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர் இருக்கும் வார்டில், வலியில் பன்னிரண்டு நாள் தூங்காத ஒருவர் கண்ணயர்ந்தால் எந்த சிஸ்டர் எழுப்புவார்? வலி குறைந்து தூங்குகிறாரே என்று அவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நானாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஏழு மணிக்கு எம்.ஆர்.ஐ.யைத் திறக்க வைத்தோம். இடது காவர்னஸ் சைனஸின் சுவர் தடித்திருந்தது, உள்ளே ரத்தம் உறையவில்லை. கரோட்டிடில் ஓட்டம் சரியாக இருந்தது, அனியூரிசம் இல்லை, கட்டி இல்லை. அதாவது என் பயங்கள் எதுவும் அங்கே இல்லை. எட்டரைக்குத் தியேட்டர்.

திறப்பது பெரிய வேலை இல்லை, எங்கே திறக்கிறோம் என்பதில்தான் எல்லாம். 4 மில்லிமீட்டர், 0 டிகிரி எண்டோஸ்கோப். தலைப்பக்கம் சற்று உயர்த்தி, ரத்த அழுத்தத்தைத் தணித்து வைக்கச் சொல்ல வேண்டும். அழற்சியில் இருக்கும் சவ்வு தொட்டாலே கசியும், ரத்தம் நிறைந்தால் அடையாளங்கள் ஓடிவிடும். நடு டர்பினேட்டை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளி, மேல் டர்பினேட்டைத் தேட வேண்டும். அதற்கும் நடுச்சுவருக்கும் இடையில், மூக்கின் பின்வாசலான கோயானாவின் மேல்விளிம்பிலிருந்து ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் ஆஸ்டியம் இருக்கும். மூக்கு வாசலிலிருந்து ஏறத்தாழ 7 சென்டிமீட்டர், 30 டிகிரி சாய்வு. சக்ஷன் குழாயில் அந்த நீளத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. குழாய் வெகு சுலபமாக 9 சென்டிமீட்டர் போகிறது என்றால் நாம் இருக்கும் இடம் ஸ்பீனாய்டின் முன்சுவர் அல்ல. ஆஸ்டியம் கிடைத்ததும் உள்பக்கமாகவும் கீழாகவும் பெரிதாக்க வேண்டும், வெளிப்பக்கமாகக் கூடாது. ரொம்பக் கீழே போனால் ஆஸ்டியத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் பின்நடுச்சுவர்த் தமனி வெட்டுப்படும். வெட்டுப்பட்டால் பதறாமல் காட்டரியால் சுட்டு அடைக்க வேண்டும்.

உள்ளே நுழைந்த பிறகு செய்யக் கூடாதவைதான் அதிகம். நடுவில் தெரியும் எலும்புத் தடுப்பைப் பிடித்து முறுக்கி இழுக்கக் கூடாது, அது பலருக்குக் கரோட்டிட் கால்வாய்மேல் போய் முடிந்திருக்கும். பக்கச்சுவரில் ஒட்டியிருப்பதைச் சுரண்டக் கூடாது. மேலே பின்னால் ஓர் ஓனோடி செல் (ஸ்பீனாய்டுக்கு மேல் நீண்டுவிட்ட எத்மாய்டு சைனஸ் அறை) இருந்தால் பார்வை நரம்பு அதற்குள்தான் ஓடும், அதைச் சி.டி.யில் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். இவருக்கு இல்லை. வாசலைத் திறந்ததும் சீழ் அழுத்தத்தோடு வந்தது, துடித்துக்கொண்டே. மூன்று மில்லி இருக்கும். அந்தத் துடிப்பைப் பார்த்தபோது, முந்தின நாள் வடிந்த ஒரு துளி வடிகால் இல்லை, வழிசல் என்று புரிந்தது.

சீழைக் கல்ச்சருக்கும், சவ்வுத் துண்டை ஃபார்மலினில் ஒரு பங்கு, சலைனில் ஒரு பங்கு என்றும் அனுப்பினோம். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டுப் பிறகு கல்ச்சர் கேட்கும் தவறு இன்னும் நடக்கிறது. மியூகர், அதாவது கறுப்புப் பூஞ்சை, சந்தேகம் இருந்தால் லேபில் துண்டை அரைக்க வேண்டாம், சிறிதாக நறுக்கச் சொல்ல வேண்டும். அரைத்தால் அந்தப் பூஞ்சை செத்துவிடும், கல்ச்சரில் ஒன்றும் வளராது. கே.ஓ.எச். பரிசோதனையில் பூஞ்சை இல்லை. மெதிசிலினுக்கு மசியும் ஸ்டாஃபைலோகாக்கஸ் வளர்ந்தது, இரண்டு ஸ்வாபிலும். க்ளாக்சசிலினுக்கு மாற்றி மூன்று வாரம் நரம்பு வழியாகவே கொடுத்தோம். தலைவலி முதல் நாளே போனது. கண் பத்தாம் நாள் அசையத் தொடங்கி, ஏழாவது வாரம் முழுசாகத் திரும்பியது.

கண் திரும்பிவிட்டதால் இதை யாரும் என்னிடம் கேள்வியாகக் கேட்கவில்லை. பார்வை நரம்பாக இருந்திருந்தால் பெரும்பாலும் திரும்பியிருக்காது. ஆறாவது நரம்பா, பார்வை நரம்பா என்பதை நானா தேர்ந்தெடுத்தேன்?

24 முதல் 48 மணி நேரம் மருந்துக்கு அவகாசம் கொடு, முன்னேற்றம் இல்லையென்றால் திற என்பதுதான் பாடம். அதற்குள்தான் நான் நின்றேன். ஆனால் அந்தப் பாடம் கண் சரியாக இருக்கும்வரை என்ற நிபந்தனையோடு வருகிறது, கண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாட்டை நான் செய்யவில்லை. இப்படிச் சொல்லும்போது விஷயம் தெளிவாகிவிட்டது போல இருக்கிறது. ஆனால் இரண்டு மணிக்கே தெரிந்திருந்தால்? எம்.ஆர்.ஐ. பூட்டியிருந்தது, மயக்க மருத்துவர் இரண்டாவது சிசேரியனில் இருந்தார். எப்படியும் ஆறு மணி ஆகியிருக்கும். தெரியாமல் எட்டரை, தெரிந்திருந்தால் ஆறு. அந்த இரண்டரை மணி நேரத்தால் என்ன மாறியிருக்கும்?

அடுத்த வருடம் ஏறக்குறைய இதே மாதிரி இன்னொருவர். எலும்பு முழுசாக இருந்தது, எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்கத் தேவையில்லை. இரவோடு இரவாகத் திறந்தேன். உள்ளே கெட்டிச் சளி, சீழே இல்லை. பின்நடுச்சுவர்த் தமனி கசிந்து, இரண்டு நாள் மூக்கை அடைத்துப் பேக் வைக்க வேண்டியதாயிற்று. அவருக்கு மருந்தே போதுமாயிருந்திருக்கும். பேக்கோடு மூச்சுவிடத் திணறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது, முந்தைய வருடம் காத்திருந்தவள் அப்படியொன்றும் முட்டாள் இல்லை என்று பட்டது. அடுத்த நிமிடமே வெட்கமாகவும் இருந்தது.

இப்போது எங்கள் வார்டில் ஒரு தனித் தாள் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கினாலும் எழுப்பி: ஒவ்வொரு கண்ணாக விரல் எண்ணச் சொல்வது, ஊசி மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியைக் காட்டி இரண்டு கண்ணிலும் ஒரே சிவப்பா என்று கேட்பது, டார்ச்சை மாற்றி மாற்றி அடித்துக் கண்மணி பார்ப்பது, விரலைப் பின்தொடரச் சொல்லி ஆறு திசை, நெற்றியிலும் கன்னத்திலும் பஞ்சால் தொடுவது. மூன்று நிமிடம் ஆகும். சிஸ்டர்களுக்கு என்மேல் கோபம். இதுவரை அந்தத் தாளில் ஒன்றும் சிக்கியதில்லை. போன மாதம் மூன்றாவது இரவாக எழுப்பப்பட்ட ஒரு பெரியவர் காலையில் ரவுண்ட்ஸில் கையைப் பிடித்துக்கொண்டார்: “அம்மா, தலைவலி விட்டுடுச்சு. நீங்கதான் விட மாட்டேங்கிறீங்க.”