சுரபுன்னைச் சந்துகளில் ஒரு காலை

ஜனவரி 23, வெள்ளி இரவு

நாளை பிச்சாவரம். அத்தை வருவாரா என்பதுதான் தெரியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடல் பக்கமே அவர் போனதில்லை. "தண்ணி ஆடினா எனக்கு நெஞ்சு படபடங்குதும்மா" என்றார். அது கடல் இல்லை அத்தை, காட்டுக்குள் போகிற வாய்க்கால், துடுப்புப் படகுதான் என்று சொல்லிப் பார்த்தேன். பதில் சொல்லாமல் படுக்கப் போய்விட்டார்.

ஜனவரி 24, சனி

வந்துவிட்டார்! விடிவதற்குள் குளித்து, எங்களுக்கு முன்பே செருப்பு மாட்டி நின்றார்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனோம். படகில் கால் வைக்கும்போது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. முதலில் அகலமான உப்பங்கழி, கண்கூசும் வெயில். அப்புறம் படகுக்காரர் ஒரு சந்துக்குள் திருப்பினார். சட்டென்று இருட்டு, குளிர்ச்சி. கிளை இடிக்காமல் குனிந்துகொண்டே போனோம்.

சுரபுன்னைக்கு வேர் தண்டிலிருந்தே வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றுகிறது. மகள் ஒரு மரத்துக்குப் பதினொரு கால் எண்ணினாள். முருங்கைக்காய் மாதிரித் தொங்கியதைக் காய் என்றுதான் நினைத்தேன். விதை மரத்திலேயே முளைத்து நீண்ட நாற்றாம் அது. சேற்றில் விழுந்தால் குத்திட்டு நின்று வேர்விடும். தண்ணீரில் விழுந்தால் மிதந்துபோய் ஒதுங்கிய இடத்தில் முளைக்கும். வெண்கண்டல் இலை ஒன்றைக் கிள்ளி "நக்கிப் பாரு பாப்பா" என்றார் படகுக்காரர். ஒரே கரிப்பு! குடிக்கிற உப்பை இலை வழியாகத் தள்ளிவிடுகிறது.

தில்லை மரம் வந்ததும் படகை விலக்கி ஓட்டினார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும். சிதம்பரம் கோயிலின் தலமரம் அது, ஊருக்கே பழைய பெயர் தில்லை. இவ்வளவு நாள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு வளைவில் இருளர் பெண் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில், ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். வலை இல்லை, தூண்டில் இல்லை. பிடித்ததைப் பறிக்குள் போடும்போதுகூட அவர் பார்வை தண்ணீரை விட்டு அகலவில்லை.

அத்தை அதுவரை வாய் திறக்கவில்லை. "சுனாமி அன்னைக்கு இங்க எப்படிப்பா?" என்று கேட்டார். "இந்தக் காட்டுக்குப் பின்னால இருந்த ஊருங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகலம்மா. அலையாத்திக் காடுன்னு சும்மாவா சொன்னாங்க." அத்தை "அலையாத்தி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. இந்தக் காட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டியிருக்கிறார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து, அமுங்கி, தொட்டிபோல் பள்ளமாகிவிட்டது. உள்ளே வந்த கடல்நீர் வடியாமல் தேங்கி உப்பேற, கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, கடல் ஏறி இறங்கும்போது ஓதநீர் வந்து போக வழிசெய்து கன்று நட்டிருக்கிறார்கள். மரம் திரும்ப வந்தது. தண்ணீருக்கு வழிவிட்டதுதான் பெரிய வேலை.

அத்தையிடம் இதைப் படித்துக் காட்டினேன். மகள் பக்கத்தில் பதினொரு கால் மரத்தை வரைந்துகொண்டிருந்தாள். அத்தை எட்டிப் பார்த்து, "வாய்க்கால் எங்கடி?" என்றார். நீலப் பென்சிலைத் தேடி எடுத்து அவரே கொடுத்தார்.