பச்சை இரட்டை, புது இரட்டை

2025 ஜூனில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகன் ஓசூரிலிருந்து கூப்பிட்டான். மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. ஏப்ரலில் சீனா ஏழு அருமண் (ரேர் எர்த்) தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்று சொன்னதிலிருந்து காந்தம் வருவது தடுமாறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு ஷிஃப்டையே நிறுத்திவிட்டார்களாம்.

"சித்தி, நம்ம ஊரு மண்ணுல இதெல்லாம் உண்டும்னு நீங்க சொல்லுவியளே. பின்ன எதுக்கு சீனாக்காரன் தரணும்?"

"மக்கா, அது பெரிய கதையாக்கும். நாளைக்குப் பேசுவோம்" என்று வைத்துவிட்டேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியோடுதான் நான் ஆய்வகத்துக்குள் போனேன்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சி. தென்மேற்குப் பருவக்காற்று அடித்து ஓய்ந்ததும் கரையில் கருமணல் படிந்து கிடக்கும். லேசான வெள்ளை மணலை அலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது தங்கிவிடும். அப்பா மணல் பிரிக்கிற ஆலையில் வேலை பார்த்தார். கையில் ஒரு சிட்டிகை மணலை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுப்பார்: கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், பளபளவென்று நிறமில்லாமல் இருப்பது சிர்க்கான், தேன் நிறத்தில் உருண்டையாக இருப்பது மோனசைட். காந்தத்தை மெதுவாகக் காட்டினால் இல்மனைட் ஓடி வந்து ஒட்டும். மோனசைட்டுக்குப் பலமான காந்தம் வேண்டும். உயர் மின்னழுத்த உருளையில் விட்டால் மின்சாரம் கடத்துகிற இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம் விழும், கடத்தாத மற்றவை இன்னொரு பக்கம் விழும். தண்ணீர், காந்தம், மின்சாரம். இந்த மூன்றை வைத்தே இந்தத் தாதுக்களைத் தனித்தனியாகக் குவித்துவிடலாம். அப்பாவின் வேலை அதோடு முடிந்தது. கஷ்டமானது அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

இந்த மணலை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது கயிறு. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் வேண்டியது தோரியம். கேஸ் விளக்கின் மேன்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு செரியம் ஆக்சைடும் இருந்தால்தான் அந்த வெள்ளை வெளிச்சம் வரும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் தலையில் தூக்கிக்கொண்டு நடந்த அதே பெட்ரோமாக்ஸ் மேன்டில்தான். மற்ற அருமண்களை அப்போது யாரும் பெரிதாகத் தேடவில்லை.

மோனசைட் என்பது ஒரு பாஸ்பேட். எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அருமண் ஆக்சைடுகள், எட்டு ஒன்பது சதவீதம் தோரியம் ஆக்சைடு, துளி யுரேனியம். அணுசக்திச் சட்டத்துக்குள் வருகிற பொருள் என்பதால் கரையில் அள்ளிக்கொண்டு வந்து ஆய்வு செய்ய முடியாது. அனுமதி வாங்கி, கணக்கு எழுதி, ஒரு சிறு பொட்டலம் என் கைக்கு வர ஏழு மாதமானது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற மண் அது!

முதலில் அதை மாவாக அரைக்க வேண்டும். அடர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் 140 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். இதற்கு 'உடைப்பது' என்று பெயர். பாஸ்பேட் சோடாவோடு சேர்ந்து தண்ணீரில் கரைந்துவிடும். வெந்நீரில் கழுவக் கழுவ அது போய்விடும், ஆலைகளில் அதையும் படிகமாக்கி விற்பார்கள். கீழே தங்குவது களி மாதிரி ஒரு ஹைட்ராக்சைடு. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நிதானமாக விட்டால் அருமண்கள் கரையும், தோரியம் கரையாமல் நிற்கும். அவசரப்பட்டு அமிலத்தைக் கொட்டினால் தோரியமும் கூடவே இறங்கிவிடும். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். காரம் சேர்த்து அமிலத்தன்மையைக் குறைத்து, தோரியத்தைத் திரும்பப் படிய வைத்து, வடிகட்டி, ஒரு வாரம் போனது. அந்தச் சமயத்தில் களி காற்றில் காய்ந்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. ஹைட்ராக்சைடு காற்றில் காய்ந்தால் செரியம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு நான்கு மின்னூட்டத்துக்கு ஏறிவிடும், பிறகு மெல்லிய அமிலத்தில் கரையாது. எங்கள் மோனசைட்டில் உள்ள அருமண்களில் கிட்டத்தட்ட பாதி செரியம். அது இப்படித் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்.

மிச்சம் இருப்பவைதான் ஒதுங்க மறுப்பவை. லாந்தனம், பிரசியோடிமியம், காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம், கொஞ்சம் சமேரியம், இன்னும் துளித்துளியாக மற்றவை. எல்லாம் மூன்று மின்னூட்டம், எல்லாம் ஒரே குணம். பிரசியோடிமியம் அயனிக்கும் நியோடிமியம் அயனிக்கும் அளவில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வித்தியாசம். 1841-இல் சுவீடன் வேதியியலாளர் மொசாண்டர் இவை இரண்டையும் ஒரே தனிமம் என்று நினைத்து டிடிமியம் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் இரட்டை என்று பொருள். லாந்தனத்தின் இரட்டை என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். 44 வருஷம் கழித்து, அந்த கேஸ் விளக்கு மேன்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரிய வேதியியலாளர் வெல்ஸ்பாக், படிகமாக்கி, கரைத்து, மறுபடி படிகமாக்கி, அந்த இரட்டைக்குள்ளேயே இருவர் இருப்பதைக் காட்டினார். பிரசியோடிமியம் என்றால் பச்சை இரட்டை, நியோடிமியம் என்றால் புது இரட்டை. அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் தூலியம் என்ற இன்னொரு அருமண்ணைச் சுத்தமாக எடுக்க 15,000 தடவை படிகமாக்கினார், 1911-இல். அந்த எண்ணை முதன்முதலாகப் படித்த அன்று, யாரென்றே தெரியாத அந்த மனிதரை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

நான் படிகத்தை நம்பவில்லை, எண்ணெயை நம்பினேன். டி2இஎச்பிஏ என்று ஒரு பாஸ்பரஸ் அமிலம், தேன் மாதிரி பிசுபிசுப்பானது. அதை மண்ணெண்ணெயில் கலக்க வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெயையே அடர் கந்தக அமிலத்தில் கழுவிக் கழுவி நிறம் போகும்வரை சுத்தம் செய்துகொண்டேன். பிரிபுனலில் அருமண் கரைசலும் இந்த எண்ணெயும் சேர்த்து ஐந்து நிமிடம் குலுக்கி ஸ்டாண்டில் வைத்தால் இரண்டாகப் பிரிந்து நிற்கும். எண்ணெய்க்குள் போக நியோடிமியத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விருப்பம், பிரசியோடிமியத்துக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஒன்றரை மடங்குகூட வராது. அதனால் ஒரு குலுக்கலில் ஒன்றும் ஆகாது. எண்ணெய் ஒரு திசையில், தண்ணீர் எதிர்த் திசையில், புனலிலிருந்து புனலுக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். மேசையில் பன்னிரண்டு புனல் வரிசையாக வைத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு நிறமாலைமானியில் 444 நானோமீட்டரில் பிரசியோடிமியத்தின் கோடு, 575-இல் நியோடிமியத்தின் கோடு. முதல் கோடு குட்டையாவதைப் பார்ப்பதற்காகவே காலையில் எழுந்திருப்பேன்.

ஒவ்வொரு அருமண் அயனியும் எண்ணெய்க்குள் நுழையும்போது மூன்று ஹைட்ரஜன் அயனிகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும். தண்ணீர் புளித்துக்கொண்டே வரும், புளித்தால் மேற்கொண்டு எதுவும் ஏறாது. அதற்காக எண்ணெயில் முன்கூட்டியே கொஞ்சம் காரம் சேர்ப்போம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஊருக்குப் போகும் அவசரத்தில், காரத்தை அதிகம் விட்டுவிட்டேன். பன்னிரண்டு புனலும் நுங்கு மாதிரி உறைந்து நின்றன. மூன்று வாரத்து வேலை. அன்றைக்கு பஸ்ஸில் ஏறவில்லை. ஆய்வக வாசல் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, அமிலம் ஊற்றி ஜெல்லை உடைத்து, எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் சேர்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆலையில் பன்னிரண்டு போதாது. கலக்கும் பெட்டியும் தெளியும் பெட்டியுமாக நூற்றுக்கணக்கில் தொடராக நிற்கும். புதிதாக நிரப்பி ஓடவிட்டால் கடைசிப் பெட்டியில் சுத்தமான பொருள் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் ஆக்சாலிக் அமிலத்தில் படியவைத்து, சுட்டு ஆக்சைடாக்கி, உருகிய ஃப்ளோரைடில் மின்சாரம் பாய்ச்சி உலோகமாக்க வேண்டும். அதை இரும்போடும் போரானோடும் சேர்த்து உருக்கி, சில மைக்ரான் பொடியாக்கி, காந்தப்புலத்தில் அடுக்கி அழுத்தி, சுட வேண்டும். இந்தியா ஒன்றும் தாமதமாக விழித்த நாடு கிடையாது. ஆலுவாவில் மோனசைட் உடைக்கும் ஆலையை 1952-லேயே நேரு திறந்துவைத்தார். நமக்கு விடுபட்டது பின்பாதி. உலோகத்திலிருந்து காந்தம் வரையான அந்தப் பாதையைச் சீனா பல பத்தாண்டுகளாக விடாமல் கட்டியது. 2025 நவம்பரில்தான் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எனக்கு உள்ளபடியே சந்தோஷம். ஆனால் மோட்டார் சூட்டைத் தாங்க வேண்டுமென்றால் காந்தத்தில் டிஸ்புரோசியம் என்ற இன்னொரு அருமண்ணைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அது எங்கள் மணலில் மிகவும் குறைவு. இதைச் சொல்லாமல் 'மண் இருக்கிறது' என்று மட்டும் மேடையில் பேசுவது எனக்குப் பிடிக்காது.

கழிவைச் சொல்லாமல் விடுவதும் பிடிக்காது. தோரியத்தோடு கதிரியக்கமுள்ள ரேடியமும் வரும். பேரியம் சல்பேட்டோடு சேர்த்துப் படியவைத்து அதைப் பிரிப்பார்கள். அந்தப் படிவைக் கான்கிரீட்டுக்குள் காவல் காக்க வேண்டும். மலேசியாவில் ஈப்போ பக்கம் புக்கிட் மேராவில் மோனசைட் உடைத்த ஆலை 1990களில் மூடியது, கழிவை அள்ளிப் புதைக்கும் வேலை 2010களிலும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் கரையில் வலை காயப்போடுகிறவர்கள் கேட்கிற கேள்விகள் நியாயமானவை. அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வேதியியல் படித்த எங்களுக்குத்தான் முதலில் உண்டு. காந்தத்துக்குக் கணக்குப் போடும்போதே அந்தக் கான்கிரீட்டுக்கும் போட வேண்டும்.

மண்டைக்காட்டுக் கொடைக்கு அக்கா மகன் ஊருக்கு வந்தான். பீரோவிலிருந்து என் சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே நியோடிமியம் குளோரைடு படிகம். திண்ணை வெயிலில் இளஞ்சிவப்பு கலந்த ஊதா. உள்ளே கொண்டுபோய் ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடிக்கச் சொன்னேன். நிறம் மாறிப்போயிற்று. இரண்டு மூன்று தடவை திண்ணைக்கும் அறைக்கும் நடந்தான்.

"இது எவ்வளவு இருக்கும் சித்தி?"

"நாலு கிராம்."

"எடுக்க எத்தனை நாளாச்சு?"

"மண்ணு கைக்கு வந்ததுல இருந்து பதினாலு மாசம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. குப்பியை மறுபடி வெயிலுக்குக் கொண்டுபோனான்.