மூன்று பெண்கள் கதவைத் தட்டிய இரவு

முத்துலட்சுமி ரெட்டியை 'முதல் பெண் டாக்டர்' வகையறாவில் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம், எனக்கு அது ரொம்ப நாளாகவே வருத்தம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர், அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். அந்த மகாராஜா கல்லூரியிலேயே இவர் சேர விண்ணப்பித்தபோது, ஒரு பெண் பிள்ளை வந்து உட்கார்ந்தால் எங்கள் பையன்கள் என்ன ஆவது என்று எதிர்ப்பு கிளம்பியது, கடைசியில் புதுக்கோட்டை மன்னரே தலையிட்டுத்தான் இடம் கொடுத்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம்.

1927இல் சென்னை சட்டமன்றத்துக்குள் போனார், துணைத் தலைவராகவும் ஆனார். அங்கே அவர் கையில் எடுத்தது, தன் அம்மா பிறந்த மரபிலேயே சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கும் வேலையை. கலை அழியும், பண்பாடு போகும் என்றார்கள் எதிர்த்தவர்கள். அவர் அசையவில்லை. 1930இல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

அதே காலத்தில் ஓர் இரவு, அந்த வழக்கத்திலிருந்து தப்பித்த மூன்று பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தங்க இடமில்லை, எந்த விடுதியும் சேர்க்கவில்லை. சரி, இங்கேயே இருங்கள் என்று தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித்தான் ஆதரவற்ற பெண்களுக்கான ஔவை இல்லம் ஆரம்பித்தது.

பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் முழுசாக வந்தது 1947இல். அப்புறமும் ஓயவில்லை, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அக்கா அவர். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தபோது அவருக்கு வயது 67.